தேய்பிறையில் விதைத்தது

ஆம்பூரை அடுத்த பெரியகொல்லை
9.6.2024, ஞாயிறு

அன்புத் தம்பி ஆல்வினுக்கு,

அக்கா மெர்சி எழுதுவது. நானும் உன் மச்சானும் ஆண்டவர் கிருபையில் சுகம். அங்கே சோறு எப்படி, தண்ணீர் எப்படி, உன் முதுகு வலி எப்படி என்று ஒன்று விடாமல் எழுது.

நீ வேலூர் சிறையில் இருந்தவரை மாதம் இரண்டு தடவை மனுப் போட்டு வந்து பார்த்தேன். கடலூருக்கு மாற்றிவிட்ட பிறகு ஒரு நாள் லீவில் வந்து திரும்ப முடியவில்லை. போனில் உனக்குத் தருகிற சில நிமிடங்களில் பாதியை நான் அழுதே தீர்த்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன புதன்கிழமை தோல் கம்பெனி மேனேஜர் ஜீவா வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், டைப் அடித்த ஒரு பேப்பரையும் வைத்துவிட்டுப் போனார். அவர்கள் லாரி நம் ஏரிக்கால்வாயில் கழிவுத் தண்ணீர் ஊற்ற வரவில்லை, சொந்தப் பகையில் டிராக்டரைக் குறுக்கே விட்டேன் என்று எழுதியிருக்கிற அதில் நீ கையெழுத்துப் போட்டால் போதுமாம். பள்ளத்தில் இறங்கிய லாரியில் கை முறிந்த டிரைவர் தபரேஸ், அப்பீலில் சமாதானமாகப் போவதாக மனுக் கொடுப்பானாம். இந்த இரண்டு வருஷத் தண்டனையிலிருந்து நீ வெளியே வந்துவிடலாம்.

உன் மச்சானும் அதையேதான் சொல்கிறார். அவரும் வேறொரு தோல் கம்பெனியில் தோல் பதனிடுகிற டிரம் ஓட்டுகிறவர். "நம்ம சோறே தோல்ல தான் வருது. மொறைச்சிக்கினு இன்னா பண்ணப் போறோம்" என்கிறார். எனக்கும் நீ வெளியே வந்தால் போதும். போட்டுவிடு ஆல்வின். ஒரு கையெழுத்துதானே.

நம் ஒரு ஏக்கரும் சும்மா கிடக்கிறது. நீ விட்டுப்போன வெண்டை காய்ந்தே போயிற்று.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அக்கா மெர்சி


கடலூர்
18.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். சோறு பரவாயில்லை, சாம்பார்தான் தண்ணீர். முதுகு வலி கம்மி. உன் கால் வீக்கம் எப்படி? ஷூ கம்பெனித் தையல் லைனில் நின்றுகொண்டே வேலை செய்கிற உங்களுக்கு இடையில் உட்கார விடுகிறார்களா?

என்னைத் தோட்ட வேலையில் போட்டிருக்கிறார்கள். கீரையும் கத்தரியும் இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். முதல் நாள் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றேன்.

சாயங்காலமே எங்களை உள்ளே விட்டுப் பூட்டிவிடுகிறார்கள். என் அறையிலிருந்து நிலா தெரிவதில்லை. ஒரு காவலர் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை எனக்குக் கொடுக்கிறார். அதை வைத்துத்தான் பிறைக் கணக்கு.

22ஆம் தேதி பௌர்ணமி. மறுநாளிலிருந்து தேய்பிறை. களை எடுப்பதும் வரப்பு சரி செய்வதும் அப்போதுதான். அந்த நாளில் பிடுங்கிய கோரை சீக்கிரம் திரும்பாது. ஜூலை 5 அமாவாசை, அன்றைக்கு மண்ணைத் தொட வேண்டாம். அடுத்து வளர்பிறையில் தக்கைப்பூண்டு விதை. உப்பு மண்ணிலும் அது வரும். பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிட்டால் மண்ணுக்கு உரம். விதை மேட்டு நிலத்து ரஃபியிடம் இருக்கிறது. அன்றைக்கு நான் ஓட்டிப்போன அவன் டிராக்டர் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டதா? என்னால் அவனுக்கு ரொம்பப் பேஜார்.

மச்சானுக்கு என் அன்பு.

உன் தம்பி
ஆல்வின்


பெரியகொல்லை
30.6.2024, ஞாயிறு

தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாய். கையெழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கேட்டது உன் விடுதலையை. நீ எழுதியது கோரைப் புல்லை.

நிலாவுக்கும் தக்கைப்பூண்டுக்கும் இன்னா சம்பந்தம்? நாள் பார்ப்பது விசுவாசிகளுக்கு ஆகாது என்று போதகர் ஐயா போன வாரம்தான் பிரசங்கத்தில் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. நீ விதைக்கிற நாளில் ஊரே உன்னைக் கேலி பேசும், நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். இப்போது என்னையும் அதில் இழுக்கிறாய்.

ஆனாலும் இன்றைக்குப் போய்க் களை எடுத்தேன். வீட்டில் இருந்தால் அந்தப் பேப்பரே கண் முன்னால் நிற்கிறது. உன் மண் மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கை கழுவினேன், சாயங்காலம்வரை அரிப்பு. ரஃபி அகமது விதை கொடுத்தான். டிராக்டர் வந்துவிட்டதாம். அவனும் உன்னைப் போல்தான், பிறை பார்த்துவிட்டுத்தான் நாற்றங்காலில் கை வைப்பானாம். நல்ல தோஸ்துதான் பிடித்திருக்கிறாய்.

பதில் எழுது. புல்லைப் பற்றி வேண்டாம்.

அக்கா


கடலூர்
11.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, மாத்திரை கொடுத்தார்கள், இப்போது இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் விட்டது தப்பு. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். தபரேஸின் கை முறிந்ததற்கு நான் எப்போதும் மன்னிப்புக் கேட்பேன். கோர்ட்டிலேயே கேட்டேன். இப்போதும் எழுதித் தரத் தயார். ஆனால் அந்த லாரியின் பின்குழாயிலிருந்து நீலமும் கறுப்புமாகத் தண்ணீர் கால்வாயில் விழுந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுத என் கை வராது. ஒரு தடவை எழுதிக் கொடுத்தால், அப்புறம் ஊரில் யார் புகார் சொன்னாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

நிலாவைப் பற்றிக் கேட்டாய். அது வேலை செய்கிறது என்று நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. ஷூ கம்பெனியை விட்டுவிட்டு நிலத்துக்கு வந்த வருஷம் எனக்கு ஒன்றும் தெரியாது. எதை எப்போது செய்வதென்று குழம்பிக் கிடந்தேன். பிறை பார்க்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு வேலை இருந்தது. நான்கு வருஷம் நோட்டில் எழுதியிருக்கிறேன். தேய்பிறையில் போட்ட முள்ளங்கி பருத்தது. மற்றதெல்லாம் தெரியாது.

கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே. எதற்கும் ரஃபியின் போர்வெல்லிலிருந்து எடு. அவன் நிலம் மேட்டில் இருப்பதால் இன்னும் கெடவில்லை.

கோபிக்காதே.

ஆல்வின்


பெரியகொல்லை
4.8.2024, ஆடி அமாவாசை

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குத் திரும்பக் காய்ச்சல் வந்ததா?

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை 7 ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து போய்த் தக்கைப்பூண்டு விதைத்தேன். வளர்பிறை என்பதற்காக இல்லை, எனக்கு ஞாயிறுதான் லீவு. முளைத்தது. இப்போது என் இடுப்புக்கு நிற்கிறது. அந்தப் பச்சையைப் பார்க்கவே வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நிலத்துக்குப் போகிறேன்.

போன ஞாயிறு ஜீவா அங்கேயே வந்துவிட்டார். வரப்பிலேயே நின்றுகொண்டு, கையெழுத்து வராவிட்டாலும் பரவாயில்லை, நிலத்தைக் கொடுத்துவிடுங்கள், குடோன் கட்டிக்கொள்கிறோம் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "இன்னாம்மா, நிலா பார்த்து வெதைக்கிறீங்களாமே. அந்த நெலாவே எறங்கி வந்தாலும் இந்த மண்ணுல காய்கறி மொளைக்காது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. "மொளைக்காதுன்னு உங்களுக்கு எப்டி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் செடியைப் பார்த்தார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் மச்சான் பக்கத்தில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும், "நெலத்த விக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

கையெழுத்தைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன். அடுத்து என்ன போட வேண்டும் என்று எழுது. காய்கறிதான் வேண்டும். ஜீவா சொன்ன அதே காய்கறி.

அக்கா மெர்சி


கடலூர்
16.8.2024

என் அக்காவுக்கு,

நான் சுகமோ சுகம். உன் கடிதத்தைத் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நீ கேட்ட கேள்வியை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்கள். ஊற்றியவர்களுக்குத்தானே அது தெரியும். நம் வக்கீல் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை.

19ஆம் தேதி பௌர்ணமி. 25 ஞாயிறு தேய்பிறையில் தக்கைப்பூண்டை மடக்கி உழச் சொல். ஒரு மாதம் மக்கட்டும். செப்டம்பர் 18 மறுபடி பௌர்ணமி. அது கழிந்து ஒரு வாரத்துக்குள் பீட்ரூட் விதை. நாற்பது பாத்தி கட்டு. வேர்ப்பயிர் என்பதால் தேய்பிறை. உப்பைத் தாங்குகிற காய்கறி எனக்குத் தெரிந்து அதுதான். முளைக்கும்வரைதான் கஷ்டம், அதுவரை ரஃபி தண்ணீர்.

முளைக்காமல் போகலாம் அக்கா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மச்சானின் கையைப் பிடித்து நான் சுகம் கேட்டதாகச் சொல்.

ஆல்வின்


பெரியகொல்லை
25.9.2024, புதன்

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் மச்சானுக்குச் சளி, கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

பீட்ரூட் விதைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை, மண் சேறாகக் கிடந்தது. திங்கட்கிழமைதான் பதம் வந்தது. நீ சொன்ன ஒரு வாரம் செவ்வாயோடு முடிகிறதே என்று திங்களே காலையிலிருந்து சாயங்காலம்வரை நாற்பது பாத்தியிலும் போட்டு முடித்தேன். ரஃபியும் அவன் மனைவி அஃப்ஸர் ஜஹானும் தண்ணீர் திருப்பிவிட்டார்கள். நேற்றும் இன்றும் ஈரம் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். மண் முன்னைப் போல இல்லை, கையில் உதிர்கிறது.

காக்கை விரட்ட உன் பழைய சிவப்புச் சட்டையைக் குச்சியில் மாட்டியிருக்கிறேன். தூரத்தில் பார்த்தால் நீ நிற்கிற மாதிரியே இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


கடலூர்
7.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மச்சானுக்குச் சளி விட்டதா?

திங்கட்கிழமை காலையிலிருந்து சாயங்காலம்வரை விதைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். செவ்வாயும் புதனும் நிலத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறாய். ஷூ கம்பெனியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு யாருக்குக் கொடுத்தார்கள்? பதினேழு வருஷத்தில் அப்பா இறந்தபோதுகூட உனக்கு இரண்டு நாள்தான் கிடைத்தது. கடிதத்தில் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விசேஷம் இல்லை என்று நீ எழுதினால் எனக்குப் பயம். என்ன நடந்தது?

ஆல்வின்


கடலூர்
12.11.2024

அக்கா,

ஒரு மாதமாயிற்று. உன் கடிதம் இல்லை. நான் போன் செய்தால், முளைத்திருக்கிறது, நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய்.

முந்தாநாள் ரஃபி மனுப் போட்டு வந்து பார்த்தான். முதலில் மழுப்பினான். அப்புறம் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை காலையில் லீவு கேட்டாயாம், சூப்பர்வைசர் முடியாது என்றாராம், நீ பேசாமல் போய் விதைத்தாயாம். செவ்வாய்க்கிழமை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பதினேழு வருஷ வேலையை நாற்பது பாத்திக்காக விட்டிருக்கிறாய். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு காலண்டர் தாளைப் பார்த்து எழுதிய தேதிக்காக.

என்னால் இதைத் தாங்க முடியவில்லை. வக்கீலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். 25ஆம் தேதி அந்தப் பேப்பரோடு வருகிறார். கையெழுத்துப் போடப்போகிறேன். வெளியே வந்து ஏதாவது வேலை தேடுகிறேன். நீ இனிமேல் அலைய வேண்டாம். நான் பார்த்ததும் பார்க்காததும் எனக்குள்ளேயே இருக்கட்டும்.

என்னை மன்னித்துக்கொள்.

ஆல்வின்


பெரியகொல்லை
18.11.2024, விரைவுத் தபால்

ஆல்வின்,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இது 25க்குள் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று தபால் ஆபீசிலேயே நின்று எழுதுகிறேன்.

போடாதே.

வேலை போனதை உன்னிடம் மறைத்தது, இப்படி ஏதாவது செய்வாய் என்று தெரிந்துதான். என்னை வெளியே அனுப்பியது நீயும் இல்லை, உன் காலண்டரும் இல்லை. திங்கட்கிழமை காலை லீவு கேட்கப் போனபோது சூப்பர்வைசர், "நெலா பாக்கறவங்களுக்கு இங்க வேலை கெடையாது, போய் உன் தம்பி மாதிரி ரோட்ட மறி" என்று லைனில் எல்லோர் முன்னாலும் சொன்னார். பதினேழு வருஷம் நான் தலை நிமிர்ந்து யாரையும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றி மிஷின் மேல் மடித்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கேட்டுக்குப் போனது, வேலை இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லட்டும் என்றுதான்.

இப்போது பள்ளிகொண்டாவில் ஒரு தையல் கடையில் பாதி நாள் வேலை. மீதி நாள் நிலம். அடுப்பு எரிகிறது.

நாற்பது பாத்தியில் இருபத்திரண்டு முளைத்தது. பதினெட்டு கருகிவிட்டது. உன் நோட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். முளைத்த பாத்திகளில் இலை என் உள்ளங்கையை விடப் பெரிது. லைனில் என்னோடு இருந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறார்கள். முதல் வாரம் பிரிசில்லா ஒருத்திதான் வந்தாள். இப்போது ஏழு பேர் களை பறிக்கிறார்கள். இவர்கள் கிணறும் கால்வாய்க் கரையில்தான். இவர்களிடம் போய், என் தம்பி பொய் சொன்னான் என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஜூன் மாதம் போடச் சொன்னவள் நான்தான். அதே நான்தான் சொல்கிறேன். நீ கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்தால் சோறு போடுவேன், முகம் பார்த்துப் பேசமாட்டேன்.

மெர்சி


கடலூர்
6.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே புயல் மழை. தோட்டம் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. நாங்கள் பத்திரம். அங்கேயும் மழை ஜாஸ்தி என்று கேள்விப்பட்டேன். வீடு ஒழுகவில்லையே? பாத்திகள் நின்றனவா?

உன் கடிதம் 22ஆம் தேதியே வந்துவிட்டது. கடைசி வரியைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் சிரிப்பு வந்தது. நீ முகம் பார்க்காமல் இரண்டு நாள் இருந்ததே கிடையாது.

25ஆம் தேதி வக்கீல் வந்தார். அவர்கள் டைப் அடித்துக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெள்ளைத் தாள் ஒன்று வாங்கி, தபரேஸ் கைக்கு நான் வருந்துகிறேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. சமாதானம் இல்லை. அப்பீல் எப்போது வருமோ தெரியாது. வராவிட்டால் இன்னும் பதினாலு மாதம். போட்டுவிட்டு வந்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

15ஆம் தேதி பௌர்ணமி. 22 ஞாயிறு தேய்பிறையில் பீட்ரூட்டைத் தோண்டு. அதற்கு மேல் விட்டால் நார் விழுந்துவிடும். ஆட்களை முன்னாலேயே சொல்லி வை.

கிறிஸ்மஸுக்கு மச்சானிடம் புதுச் சேலை கேள்.

உன் தம்பி
ஆல்வின்


பெரியகொல்லை
24.12.2024

என் தம்பி ஆல்வினுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். வீடு ஒழுகியது, உன் மச்சான் தார்ப்பாய் போட்டுவிட்டார். மழையில் மூன்று பாத்தி அழுகியது. பத்தொன்பது நின்றது.

நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை தோண்டினோம். ஆலயம் முடிந்து பதின்மூன்று பெண்கள் வந்தார்கள். ரஃபியும் அஃப்ஸர் ஜஹானும் வந்தார்கள். உன் மச்சான் மண்வெட்டியோடு எனக்கு முன்னாலேயே போய்விட்டார். கிழங்கு பெரிதில்லை, பெரும்பாலும் எலுமிச்சை அளவு. அறுத்துப் பார்த்தால் ரத்தச் சிவப்பு. பிரிசில்லா பச்சையாகவே கடித்துவிட்டு, கொஞ்சம் உப்பு கரிக்கிறது, ஆனால் இனிக்கிறது என்றாள்.

பதினொரு மணி இருக்கும். கால்வாய் ரோட்டில் டேங்கர் லாரி வந்தது. கால்வாயில் மழைத் தண்ணீர் ஓடுகிறது, ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும், ஞாயிற்றுக்கிழமை கேட்பாரும் இல்லை என்று நினைத்திருப்பார்கள். மற்ற ஞாயிறாக இருந்தால் அங்கே ஒரு ஈ காக்கை இருந்திருக்காது.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டுக்குப் போய் நடுவில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் பதின்மூன்று பேரும் வந்து உட்கார்கிறார்கள், கையெல்லாம் சேறு. உன் மச்சான் மண்வெட்டியை வரப்பிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து முதல் ஆளாக நின்றார். ரஃபியை டிராக்டர் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நான்கு பேர் போனில் வண்டி நம்பரோடு படம் எடுத்தார்கள்.

லாரி ஓட்டி வந்தது தபரேஸ்தான். தூரத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். மணிக்கட்டு இன்னும் கோணல். நீ வருந்தி எழுதியதைச் சொன்னேன். அவனுக்கு அதை யாரும் காட்டவே இல்லையாம்.

"அக்கா, கொட்டிட்டு வான்னு சொன்னாங்க. நான் இன்னா பண்றது?"

"எங்க ரொப்பினியோ அங்கயே கொண்டு போய் உடு. நாங்க எழுந்திரிக்க மாட்டோம்."

அவன் எங்களை ஒரு தடவை எண்ணுகிற மாதிரிப் பார்த்தான். அப்புறம் வண்டியில் ஏறினான். அங்கே திருப்ப இடமில்லை. மெயின் ரோடுவரைக்கும் அந்தக் கோணல் கையோடு பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

மத்தியானம் போலீஸ் வந்தது. கம்பெனியிலிருந்து புகார் கொடுத்திருக்கிறார்களாம். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார், யார் யார் மறித்தது என்று. முதல் பெயர் மெர்சி என்று நானே எழுதச் சொன்னேன். அடுத்துப் பிரிசில்லா தன் பெயரைச் சொன்னாள். அப்புறம் வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். அவர் பேனா நிற்கவே இல்லை. நாங்கள் எடுத்த படங்களையும் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை நாங்கள் பதினாலு பேரும் கலெக்டர் ஆபீசுக்குக் கிணற்றுத் தண்ணீரோடு போகிறோம்.

நிலாவை நான் இன்னும் நம்பவில்லை. போதகர் ஐயாவிடமும் அதையேதான் சொன்னேன். ஆனால் அடுத்த பௌர்ணமி ஜனவரி 13. அது கழிந்து எல்லோரும் அவரவர் கொல்லையில் முள்ளங்கி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் நோட்டைப் பார்த்து நான்தான் நாள் குறித்துக் கொடுத்தேன்.

வழக்குப் போட்டால் போடட்டும். பெண்கள் சிறை வேலூரில்தான் இருக்கிறது. உன்னைப் போல நான் கடல்வரைக்கும் போக வேண்டியதில்லை. உன் மச்சான் பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
மெர்சி